மதினியின் பெயரில் என் மகளின் இதயம்

1

ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். வரட்டும். எனக்கு இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது.

மஸ்கட்டில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். சொந்த ஊர் தென்காசி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இயல்பிலேயே கூச்சக்காரன். கடைக்கு வருகிறவர்களுக்கு சலாம் சொல்வேன், துணியை வாங்குவேன், ரசீது கிழித்துக் கொடுப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரம் நிற்கிற ஆள். எழுதும்போது மட்டும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்ற தைரியம் வருகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம். வீட்டிலிருந்து போன் வருவது அப்போதுதான். அன்றும் வந்தது. என் மனைவி பேச்சியம்மாள் முதலில் சாரல் தொடங்கியதைச் சொன்னாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுவதைச் சொன்னாள். கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொன்னாள். கடைசியில், மறந்துபோன ஒன்று இப்போதுதான் ஞாபகம் வந்தது மாதிரி, "சுபாவுக்கு நெஞ்ச ஸ்கேன் பண்ணிப் பாத்தோம். வால்வுல கொஞ்சூண்டு லீக்காம். ஒண்ணும் கெடையாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க போட்டு யோசிக்காதீய" என்றாள்.

சுபா எங்கள் ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

"நெஞ்ச ஸ்கேனா? எதுக்கு?"

"காலேஜ்ல மெடிக்கல் கேம்ப் வச்சிருக்காவ. ஒரு டாக்டர் பிள்ள குழாய வச்சுப் பாத்துட்டு, என்னமோ சத்தம் கேக்குது, எக்கோ எடுத்துப் பாருங்கன்னு எழுதிக் குடுத்துட்டா. அதான்."

"எப்ப?"

"அது ஆச்சு, ஒரு மாசம்."

ஒரு மாசம். தினமும் போனில் பேசுகிறோம். கத்திரிக்காய் விலை எனக்கு அன்றன்றே தெரிகிறது. மகளின் நெஞ்சு ஒரு மாசம் கழித்துத் தெரிகிறது.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முழுக்க ஆங்கிலம். எங்கள் கட்டிடத்தின் மாடியில் கோட்டயத்துக்காரர், லிசி சிஸ்டர் இருக்கிறார். ஒரு கிளினிக்கில் நர்ஸ். சீருடையை என்னிடம்தான் தேய்க்கக் கொடுப்பார். சாயங்காலம் துணி வாங்க வந்தவரிடம் போனை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்தார்.

"மைல்ட்தான் சேட்டா, பயப்பட வேண்டாம். ஆனா மகள்னு சொன்னீங்க? இதுல சண்முகத்தாய், நாற்பத்தாறு வயசுன்னு போட்டிருக்கு. வேற யாரோ ரிப்போர்ட் மாறி வந்திருக்கு."

மாறி வரவில்லை என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சண்முகத்தாய் என் மனைவியின் அக்காள், எனக்கு மதினி. வாசுதேவநல்லூரில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது.

2

"ஆமா, அக்கா பேருலதான் எடுத்தோம்" என்றாள் பேச்சியம்மாள். குரலில் தப்புச் செய்த சாயலே இல்லை. "தென்காசியில எடுத்தா ரெண்டு நாள்ல தெருவுக்கே தெரிஞ்சிரும். அதான் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனோம்."

"அங்கதான் போயாச்சுல்லா. பேர எதுக்கு மாத்துனீய?"

"அங்கனயும் நம்ம ஆளுக இல்லாமயா இருக்காவ? கம்ப்யூட்டர்ல ஒருதடவ ஏறிட்டா அழியாதுன்னு அக்கா சொல்லிச்சு. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் எங்கனயாவது தட்டிப் பாத்தான்னா? பொம்பளப்பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைவானுவ. நீங்க அங்க இருந்துக்கிட்டு எல்லாம் பேசலாம்."

மாப்பிள்ளை என்று ஒருவன் இன்னும் இல்லை. இல்லாத ஒருவனுக்குப் பயந்து, இருக்கிற மகளின் பெயரை அழித்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் பதாக்கா என்று ஒரு அட்டை தருவார்கள். அது இல்லாமல் காய்ச்சல் மாத்திரைகூட வாங்கித் தின்ன முடியாது. புதுப்பிக்கப் போனால் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் எடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள். ஜன்னலில் இருக்கிறவன் என் மூஞ்சியை ஒருதரம், அட்டையை ஒருதரம், மறுபடி மூஞ்சியை ஒருதரம் பார்ப்பான். வெயிலில் வரிசையில் நிற்கும்போது இவனையெல்லாம் வாய்க்குள் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டத் தோன்றவில்லை.

எங்கள் அறையில் முன்பு சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அட்டை காலாவதியாகிவிட்டது. வயிற்று வலிக்கு இன்னொருத்தன் அட்டையைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த இன்னொருத்தனுக்குச் சர்க்கரை இருப்பது கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து சர்க்கரை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பையன் அதைத் தின்றுவிட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்தான். நாங்கள் வாயில் சீனியைக் கொட்டித்தான் எழுப்பினோம். டாக்டர் ஆளைப் பார்த்து மட்டும் மருந்து தருவதில்லை, அந்த ஆளின் கதையைப் பார்த்தும் தருகிறார். கதை வேறொருத்தருடையது என்றால் மருந்தும் வேறொருத்தருக்குத்தான். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்பே போதும்.

முதலாளியிடம் லீவு கேட்கப் போனேன். ஓமான்காரர், நல்ல மனிதர், வயதானவர். எனக்கு அரபி அரைகுறை. 'பிந்த்' என்றேன், மகள். 'கல்ப்' என்றேன், நெஞ்சு. ஒழுகுகிறது என்பதற்கு வார்த்தை தெரியாமல் 'மாய்' என்றேன், தண்ணீர். அவர் என்ன நினைத்தாரோ, மகள் யாரையோ காதலித்து அழுதுகொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் போல. சிரித்து என் தோளைத் தட்டி, கல்யாணத்தை முடித்துவை என்கிற மாதிரி சைகை காட்டினார். இங்கேயும் கல்யாணம். குழாயை இறுக்கி மூடினாலும் சொட்டுகிற மாதிரி விரலால் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. "ரூஹ், ரூஹ்" என்றார். போ, போ.

3

தென்காசியில் இறங்கும்போது சாரல் முகத்தில் அடித்தது. சீசன் கூட்டம். குற்றாலம் போகும் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தலையில் எண்ணெய் வழிய, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். மற்ற வருஷமாக இருந்தால் வீட்டுக்குப் போகுமுன் ஆட்டோவைத் திருப்பி அருவியில் தலையைக் காட்டியிருப்பேன்.

வீட்டில் மதினி இருந்தார். நான் வருவது தெரிந்து முதல் நாளே வந்துவிட்டாராம்.

"வாங்க தம்பி. என்ன இப்படி எளைச்சுப் போனீய?" என்றார். உள்ளேயிருந்து சுபா வந்தாள். எளைத்துப்போனது நானில்லை, அவள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"வாங்கப்பா. நல்லா இருக்கீங்களா?" என்றாள். எதிர்வீட்டுப் பிள்ளை தன் அப்பனை "எப்ப வந்த? எனக்கு என்ன வாங்கிட்டு வந்த?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கும். என் மகள் எனக்கு மரியாதை கொடுப்பாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை.

சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டில் மட்டும் குழம்பு தனியாக வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. சோறும் ஒரு கரண்டிதான்.

"என்ன இது?"

"டாக்டரு சொன்னதுதான்" என்றார் மதினி. "உப்பக் குறைக்கணும், எடையக் குறைக்கணும், தினம் நடக்கணும். மூணையும் விடாம செய்ய வைக்கேன்."

"இவ எடையவா குறைக்கச் சொன்னாரு?"

மதினி கொஞ்சம் யோசித்தார். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். நடுவில் அவரே சிரித்துக்கொண்டும் சொன்னார்.

"ஸ்கேன் எடுக்கயில சுபா என் சேலையக் கட்டிக்கிட்டு, மூஞ்சிக்கு மாஸ்க்கப் போட்டுக்கிட்டுப் போனா. உள்ள இருந்த பிள்ள, 'நாப்பத்தாறா?'ன்னு ஒரு மாதிரி பாத்தா. 'எங்க குடும்பத்துல யாருக்கும் வயசு தெரியாதும்மா'ன்னு ஒரு போடு போட்டேன். வெளிய ஒரே கூட்டம். அவளும் விட்டுட்டா."

"சரி. பொறவு டாக்டர்ட்ட?"

"டாக்டர்ட்ட எப்படி இவளக் கூட்டிட்டுப் போவ? அவரு பக்கத்துல வச்சுப் பாப்பாருல்லா. கண்டுபிடிச்சிருவாரே. அதான் நானே போனேன்."

"நீங்க போயி?"

"போயி ரிப்போர்ட்டக் குடுத்துட்டு உக்காந்தேன். முதுகுலயும் நெஞ்சுலயும் குழாய வச்சுப் பாத்தாரு. சத்தமே இல்லையேன்னாரு. மூச்சு வாங்குதான்னாரு. எனக்கு எங்க வாங்குது? இல்லைன்னேன். 'இந்த வயசுக்கு இதெல்லாம் சகஜம்மா. உப்பக் குறைங்க, எடையக் குறைங்க, நடங்க'ன்னு சொல்லிட்டாரு. தங்கமான மனுசன். கூடப் பத்து நிமிசம் பேசிக்கிட்டிருந்தாரு."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். எடையைக் குறைக்கச் சொன்னது மதினியை. பட்டினி கிடந்தது என் மகள். நல்லா இருக்கிறது என்று சொன்னது மதினியின் நெஞ்சை. அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியது என் மனைவி.

"மதினி, உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்று தொடங்கினேன். வார்த்தை வரவில்லை. எழுந்து கை கழுவினேன்.

பின்னால் மதினி, "பாருட்டி, சுபா நல்லா இருக்கணும்னுதான நான் இவ்வளவும் செஞ்சேன். ஒரு நன்றி உண்டா?" என்று தங்கையிடம் சொல்வது கேட்டது.

4

மறுநாள் காலையில் சுபா நடக்கப் புறப்பட்டாள். கூடப் போனேன். குற்றாலம் ரோட்டில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு மேட்டில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பழக்கடையின் மறைப்பில் உட்கார வைத்தேன்.

"டாக்டரு உங்கிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேள்வியின் கிறுக்குத்தனம் தெரிந்தது.

"எங்கிட்ட எங்க சொன்னாருப்பா? நான் வெளிய உக்காந்திருந்தேன். பெரியம்மாவ உள்ள கூப்பிட்டாங்க. அது சிரிச்சுக்கிட்டே வெளிய வந்துச்சு. 'ஒண்ணுமில்லட்டி, வா காப்பி குடிக்கலாம்'னுச்சு."

"நீ கேக்க வேண்டியதுதான?"

"யாருட்ட கேக்க? அம்மாட்ட கேட்டா 'சத்தமாப் பேசாத'ங்கா. பிரண்ட்ஸ்ட்ட சொல்லக் கூடாதுன்னு சாமி படத்துல சத்தியம் வாங்கியிருக்கா. உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னா."

"எங்கிட்டயுமா?"

"அங்க தனியா இருப்பாரு, பயந்துருவாருன்னா. நான் போன்லயே தேடிப் பாத்தேன். ஒருத்தன் ஒண்ணுமில்லங்கான், ஒருத்தன் ஆபரேசன்ங்கான். படிச்சுப் படிச்சு ராத்திரி தூக்கம் வரல." என் பக்கம் திரும்பினாள். "யப்பா, எல்லாரும் ஏன் எனக்கு என்னமோ அசிங்கமான வியாதி வந்த மாதிரி நடந்துக்கிடுதாங்க?"

'யப்பா' என்று அவள் என்னைக் கூப்பிட்டு வருஷங்கள் இருக்கும். சந்தோஷப்படுகிற இடம் அது இல்லை.

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு பையனுக்கு நெஞ்சில் கோளாறு என்றால், 'அய்யோ பாவம், எந்த டாக்டரைப் பார்க்கிறீர்கள்' என்பார்கள். பெண்ணுக்கு என்றால், 'வெளியே சொல்லிவிடாதீர்கள்' என்பார்கள். மளிகைக் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி பெண்ணைப் பார்க்கிறவர்கள் நாம்தான், வேறு யாரோ இல்லை. அப்புறம் அவர்களுக்குப் பயப்படுகிறவர்களும் நாம்தான்.

"இன்னைக்கே டாக்டர்ட்ட போறோம்" என்றேன். "நம்ம ஊருலயே. உம் பேருலயே."

5

பேச்சியம்மாள் அழுதாள். தென்காசியில் இதய டாக்டரின் கிளினிக்கில் சீட்டுப் போடுகிறவள் எங்கள் தெரு எலெக்ட்ரீசியனின் மகள். "அவ வாயில அவல் போட்ட மாதிரி ஆயிரும். டாக்டர்ட்ட போக வேண்டாங்கல, புனலூருக்குப் போவோம். மலையாளத்துல யாருக்கும் நம்மளத் தெரியாது" என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. மதினி கோபித்துக்கொண்டு வாசுதேவநல்லூர் பஸ் ஏறிவிட்டார்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். பாதி முகம் தெரிந்த முகம். என் கால் தானாகவே சுவரோரம் போனது. ஜன்னலில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "ஏ, மஸ்கட் மாமா! எப்ப வந்தீய? பேசண்ட் யாரு, நீங்களா?" என்றாள்.

பேச்சியம்மாள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். என் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். அப்போதும்!

"பேசண்ட் என் மக. சுபா. வயசு பத்தொன்பது" என்றேன். கூச்சக்காரனுக்குக் குரலின் அளவு தெரியாது. சொன்னால் முணுமுணுப்பான், இல்லையென்றால் கத்திவிடுவான். நான் கத்திவிட்டேன். கூட்டம் முழுக்கத் திரும்பியது.

அந்தப் பெண் சாதாரணமாக எழுதிக்கொண்டாள். "சுபா, ஒரு அரை மணி ஆகும். உக்காரு. காப்பி வேணுமா?" அவ்வளவுதான். இதற்காகவா திருநெல்வேலி, சேலை, மாஸ்க்?

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், கடுகடுப்பானவர். பழைய ரிப்போர்ட்டைக் கொடுத்து, நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

"இருங்க. குழாய யாரு நெஞ்சுல வச்சுப் பாத்தாரு?"

"எங்க மதினி நெஞ்சுல சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். "படிச்ச பிள்ளையத்தான வச்சிருக்கீய? வெளையாடுதீயளா?" என்று கத்தினார். எனக்கு ஆறுதலாக இருந்தது. என் கோபத்தை எனக்குப் பதிலாக ஒருவர் கத்திச் சொல்கிறார்.

சுபாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி எக்கோ எடுத்தார். திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இந்தா பாரு, இதுதான் வால்வோட இதழு, கதவு மாதிரி. ரத்தம் இந்தப் பக்கம் போனதும் மூடிக்கிடணும். திரும்பி வரக் கூடாது. உனக்கு மூடும்போது ஒரு மூலையில லேசா இடைவெளி. அதுல இந்தா, இந்தக் கலர் தெரியுதுல்ல, இவ்வளவுதான் திரும்பி வருது. இதுக்குப் பேருதான் மைல்ட்."

"அப்ப ஒண்ணுமில்லல்ல சார்?" என்றாள் பேச்சியம்மாள் அவசரமாக.

"துளிபோல ஒழுகுறது நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கு உண்டும்மா. அவங்களுக்கு ஒரு மாத்திரைகூட வேண்டாம். மைல்டுங்கிறது எவ்வளவு ஒழுகுதுங்கிறதுக்குப் பதிலு. ஏன் ஒழுகுதுன்னு இன்னொரு கேள்வி இருக்கு. இவளுக்கு இதழு தடிச்சிருக்கு. பழைய ரிப்போர்ட்லயும் அத எழுதியிருக்காங்க. நாப்பத்தாறு வயசுன்னா வயசாகுறதுல வந்ததுன்னு ஒருத்தரு விட்டுரலாம். பத்தொன்பதுக்கு விட முடியாது." சுபாவிடம் திரும்பினார். "சின்னதுல தொண்ட வலி, காய்ச்சல், பொறவு முட்டு வீங்குனது, ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏழாவது படிக்கும்போது வந்துச்சு சார்" என்றாள் பேச்சியம்மாள். "இன்னைக்கு முட்டு, நாளைக்குக் கணுக்கால், மறுநாள் மணிக்கட்டுன்னு மாறி மாறி வீங்கும். வளருத பிள்ளைக்கு வாற வலின்னாவ. எண்ணெய் தேச்சு ஐந்தருவியில கொண்டுபோயி நிப்பாட்டுனோம். மூலிகைத் தண்ணியில்லா? பத்து நாள்ல பறந்துட்டு."

"அருவியில நின்னதுனால போகல. அது தானாவே போகும். முட்டுல வந்தது போயிரும். நெஞ்சுல வந்தது தங்கிரும்."

எனக்குக் குற்றாலத்தின் மேல் கோபம் வந்தது. தண்ணீர் என்ன செய்யும்? அது பாட்டுக்கு விழுகிறது. கை வலி, கால் வலி, கிறுக்கு, கடன் எல்லாவற்றையும் அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் நாம். எனக்கு அப்போது போனில், "லேசா கால் வலி, குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம், நல்லா இருக்கா" என்று சொன்னார்கள். ஜாலியாகப் போய் வந்தார்கள் என்று நான் நினைத்தேன்.

டாக்டர் மேற்கொண்டு சொன்னார். தொண்டையில் தொடங்கி, முட்டு வீங்கி, நெஞ்சு வரை போகிற அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சின்ன ஒழுகல் பெரும்பாலும் சின்னதாகவே இருந்துவிடும். மறுபடி மறுபடி வந்தால் இதழ் இன்னும் கெடும். பிறகு ஆபரேஷன் வரை போகும். வராமல் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. பல வருஷத்துக்கு. தவறவிடக் கூடாது.

"மூச்சு வாங்குதே சார்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு சின்ன லீக்குக்கு மூச்சு வாங்காது. பிள்ளைக்கு ரத்தமே இல்ல. கண்ணப் பாருங்க, வெளுத்துக் கெடக்கு. யாருய்யா இவளப் பட்டினி போட்டது?"

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"சார், நான் கேக்கலாமா?" என்றாள் சுபா.

"கேளு."

"உப்புப் போட்டுச் சாப்பிடலாமா?"

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "எல்லாரும் சாப்பிடுத அளவு சாப்பிடு. முட்டை, கறி, கீரை எல்லாம் சாப்பிடு."

"மாடிப்படி ஏறலாமா? ஓடலாமா?"

"ஏறு. ஓடு."

பிறகு குரல் இறங்கியது. "செத்துருவேனா சார்?"

"ஊசியத் தவறாமப் போட்டுக்கிட்டா, இதுனால சாகணும்னு இல்ல. வருசத்துக்கு ஒருக்கா வந்து இதே மாதிரி படுத்து இந்த டிவிய என்கூடச் சேந்து பாரு. ஆனா நீதான் வரணும். உங்க பெரியம்மா வந்தா நான் பாக்க மாட்டேன்."

சுபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு மாதமாக அவளுக்கு யாரும் கொடுக்காதது ஒரு நாற்காலி. அவ்வளவுதான். டாக்டருக்கு எதிரே உட்கார ஒரு நாற்காலி.

6

முதல் ஊசிக்கு முன் பேச்சியம்மாள் மறுபடி தொடங்கினாள். "ஊசியாவது செங்கோட்டைக்குப் போயிப் போட்டுக்கிடுவோமே."

"மூணு வாரத்துக்கு ஒருக்கா செங்கோட்டைக்கா? மழையில, பரீட்சையில? ரெண்டு தடவ போவீய. மூணாந்தடவ விட்டுருவீய."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க ஏறிப் போயிருவீய. கோவப்படுததுக்கு மட்டும் வருவீய. இங்கன இருந்து தெருவுல நாலு பேரு கேக்குததுக்குப் பதில் சொல்லுதது யாரு? அவளப் பொண்ணு கேட்டு எவனும் வரலன்னா, அப்பவும் எங்கிட்டதான கேப்பீய?"

அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அன்று பாதியாகக் குறைந்தது. குறைந்த பாதி எங்கேயும் போகவில்லை. அவளை அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறவர்கள் மேல் போய்ச் சேர்ந்துகொண்டது. அவர்கள் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாததுதான் எரிச்சல். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சிரிக்கிறவர்கள்தானே எல்லோரும்.

தென்காசியிலேயே போட்டோம். முதலில் கையில் துளி போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு இடுப்பில். கெட்டியான மருந்து, நல்ல வலி. சுபா என் கையைப் பிடித்து நசுக்கினாள். நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டு ராமலெட்சுமி கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்றாள். அவளுக்கு எட்டாவது படிக்கிற ஒரு மகள் உண்டு.

"என்ன அண்ணாச்சி, குடும்பத்தோட எங்க போயிட்டு வாறீய? சுபா என்ன நொண்டுதா?"

"கோயிலுக்குப்..." என்று பேச்சியம்மாள் ஆரம்பித்தாள்.

"ஊசி போட்டுட்டு வாறோம் அத்தை" என்றாள் சுபா. "நெஞ்சுல வால்வு லேசா லீக்காகுது. சின்னதுல முட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுல வந்தது. இனிமே மூணு வாரத்துக்கு ஒருக்கா இப்படித்தான் நொண்டிக்கிட்டு வருவேன். கேட்டாச்சா?"

ராமலெட்சுமிக்கு வாய் மூடவில்லை. பேச்சியம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று சாயங்காலம்வரை அடுக்களையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராமலெட்சுமி வந்தாள். முன்வாசல் வழியாக வரவில்லை, பின்பக்கமாக வந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு பேச்சியம்மாளின் காதருகே போய்ச் சொன்னாள். அந்தச் சின்ன அடுக்களையில் எல்லாமே எனக்கும் கேட்டது.

"மதினி, எம்மவளுக்குப் போன வாரத்துல இருந்து காய்ச்சல் விட்டு விட்டு வருது. முந்தாநாளு முட்டு வீங்குச்சு. இன்னைக்குக் கணுக்கால்ல நிக்குது. ஞாயித்துக்கிழம அருவிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம். சுபா சொன்னதக் கேட்டதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அது எந்த டாக்டரு?"

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்தாள். "ஞாயித்துக்கிழமவரைக்கும் வச்சிருக்காத. காலையிலயே போ. நான் கூட வாறேன்" என்றாள்.

ராமலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலை இன்னும் தாழ்த்தினாள். "பொட்டப்பிள்ள மதினி. யாருட்டயும் சொல்லிராதீய."

அடுக்களை வாசலை ஒட்டிய கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த சுபா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சொல்ல மாட்டோம் அத்தை. சீட்டுப் போடும்போது அவ பேரையே சொல்லுங்க. உங்க பேரச் சொல்லிட்டு நீங்க உள்ள போயி உக்காந்துராதீய."